கடல் மீன் தொட்டிக்கு ரெஃப்யூஜியம்: நெல்லைச் சீமை வாசகர்களின் கேள்விகள்

கடல் மீன் வளர்ப்பு பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ரெஃப்யூஜியத்தைப் பற்றியவை. புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: மெயின் தொட்டியின் தண்ணீர் வந்து போகும், ஆனால் மீன்கள் நுழைய முடியாத தனி அறைதான் ரெஃப்யூஜியம். அதில் பாசி வளரும், சிற்றுயிர்கள் பயமில்லாமல் பெருகும். வைத்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி எழுதியவர்களுக்கு என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

அண்ணாச்சி, என்னிடம் இருப்பது 100 லிட்டர் தொட்டி. அடியில் சம்ப் (மெயின் தொட்டித் தண்ணீர் இறங்கி, பம்பு வழியாக மேலே திரும்பும் துணைத் தொட்டி) கிடையாது. கழிவால் சேரும் நைட்ரேட் எப்போதும் 40 பிபிஎம்முக்கு மேல் நிற்கிறது. ரெஃப்யூஜியம் வைத்தால் இறங்குமா? (பாளையங்கோட்டை)

இறங்கும். எப்படி இறங்குகிறது என்பது தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்படும். நீங்கள் போடும் தீனியில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் மீன் வழியாகத் தண்ணீருக்கு வருகின்றன. பாசி அதை உறிஞ்சித் தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது. அந்தப் பாசியை நீங்கள் கையால் அள்ளி வெளியே எடுக்கும்போதுதான் அது தொட்டியை விட்டுப் போகிறது. அள்ளாமல் விட்டால் பாசி நெருக்கி வளர்ந்து, அடியில் வெளிச்சம் படாத பகுதி அழுகி, உறிஞ்சியதைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் வேலை செய்வது பாதி பாசி, பாதி உங்கள் கை.

சம்ப் இல்லை என்று கவலை வேண்டாம். மெயின் தொட்டியைவிட உயரத்தில் ஒரு 15 லிட்டர் பெட்டியை வையுங்கள். சின்ன பம்பு ஒன்று கீழிருந்து தண்ணீரை மேலே தள்ளட்டும். பெட்டியின் மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஓட்டை போட்டு, குழாய் வழியாகத் தண்ணீர் தானாகக் கீழே விழட்டும். குழாய் தாராளமான அளவில் இருக்கட்டும். ஓட்டையில் பாசி அடைத்தால் பெட்டி வழிந்து தரைக்கு வரும், அதனால் வாயில் ஒரு பிளாஸ்டிக் வலையும் வேண்டும். எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான். ரெஃப்யூஜியத்தில் பிறக்கும் சிற்றுயிர்கள் எந்த பம்பின் விசிறியிலும் சிக்காமல் நேராக மீன் வாயருகே இறங்கும்.

அதற்கு முன்னால் ஒன்று. நைட்ரேட் 40 என்றால் தீனியை ஒருமுறை பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றடிக்கு ஒன்றரை அடி தொட்டி. இரண்டடி சம்ப் ஒன்றைக் கண்ணாடிக் கடையில் செய்யச் சொல்லி, நடுவில் ரெஃப்யூஜியம் விட எண்ணம். என்ன அளவு சொல்வது? (பேட்டை)

60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 40 உயரம் என்று சொல்லுங்கள். தண்ணீர் விழும் முதல் அறைக்கு 18, நடுவில் ரெஃப்யூஜியத்துக்கு 27, பம்பு நிற்கும் கடைசி அறைக்கு 15. நடு அறையில் தண்ணீர் 20 சென்டிமீட்டர் நின்றால் 16 லிட்டர். மெயின் தொட்டியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இடம் இருந்தால் இன்னும் பெரிதாக்குங்கள், பெரிதானால் கெடுதல் இல்லை. நடு அறைக்கும் பம்பு அறைக்கும் இடையில் மேலே, கீழே, மேலே என்று மூன்று தடுப்புக் கண்ணாடிகளை இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் குமிழிகள் பம்புக்குப் போகாது. பாசி இழை அந்தப் பக்கம் தாண்டாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கட்டத் தகடு.

சிலிகான் வாங்கும்போது கவனம். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண வகைதான் வேண்டும். குளியலறைக்கென்று பூஞ்சை தடுப்பு மருந்து கலந்து விற்பது மீனுக்கு ஆகாது.

இனி, கடைக்காரர் சொல்லமாட்டார் என்பதால் கரண்ட் கட் கணக்கை நான் சொல்கிறேன். பம்பு நின்றால் மேலே உள்ள தண்ணீர் கீழே வரும். உங்கள் தொட்டியில் 2.5 சென்டிமீட்டர் இறங்கினாலே 90 × 45 × 2.5, அதாவது 10 லிட்டர். அது சம்ப்பில் ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். அந்த அளவுக்குக் காலி இடம் சம்ப்பில் எப்போதும் இருக்க வேண்டும். பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் வாய் தண்ணீருக்கு 10 சென்டிமீட்டர் அடியில் இருந்தால் அதுவே தண்ணீரைத் திருப்பி உறிஞ்ச ஆரம்பிக்கும். அப்போது வருவது 10 லிட்டர் அல்ல, 40. அவ்வளவையும் உங்கள் சம்ப் தாங்காது. நீர்மட்டத்தை ஒட்டி அந்தக் குழாயில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். மட்டம் ஓட்டைக்கு இறங்கியதும் காற்று புகுந்து நின்றுவிடும். ஓட்டையில் உப்பும் பாசியும் அடைக்கும், அவ்வப்போது குத்திவிட வேண்டும். எல்லாம் பொருத்தியதும் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள். நம்ம ஊரில் அந்தச் சோதனையை மின்வாரியம் எப்படியும் நடத்தத்தான் போகிறது. நீங்கள் வீட்டில் இருக்கும்போது நடத்துவது நல்லது.

ரெஃப்யூஜியத்தின் அடியில் போட உவரிக் கடற்கரை மணலும், பாறைக்குப் பதில் கரையில் ஒதுங்கும் பவளக் கல்லும் எடுத்துக்கொள்ளலாமா? காசு மிச்சம். (திசையன்விளை)

இரண்டும் வேண்டாம். காரணங்கள் வேறு வேறு.

தொட்டிக்கு வேண்டியது கால்சியம் கார்பனேட் மணல். சிப்பியும் பவளமும் பொடிந்து உண்டான வெள்ளை மணல் அது. நம் தெற்குக் கரையில் கிடப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கூடவே கார்னெட், இல்மனைட் போன்ற கன தாதுக்கள். உவரிப் பக்கம் அலை போன பிறகு சிவப்பும் கறுப்பும் வரிவரியாகக் கிடக்குமே, அதுதான். கார்னெட் கண்ணாடியைவிடக் கடினமானது. கண்ணாடி துடைக்கும் காந்தத்துக்கு நடுவே ஒரே ஒரு மணி மாட்டினாலும் தொட்டியில் நிரந்தரக் கோடு விழும். கறுப்பு மணியில் காந்தத்துக்கு இழுபடுபவை உண்டு. பம்புக்குள் சுழல்வதும் காந்தம்தான், அதைத் தேடிப் போய் ஒட்டி அரைத்துவிடும். தேரிக்காட்டுச் செம்மண் மணலை இரும்புச்சத்துக்காகப் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் இதே பதில்.

உண்மையில் ரெஃப்யூஜியத்துக்கு மணலே கட்டாயம் இல்லை. அடி காலியாக இருந்தால் கழிவை உறிஞ்சி எடுப்பது சுலபம். என் ஓட்டு காலி அடிக்குத்தான்.

பவளக் கல் சட்டச் சிக்கல். கடினப் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் வந்துவிட்டன. செத்து ஒதுங்கியதுதானே என்ற வாதம் எடுபடாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா வேறு. லைவ் ராக் (உயிர்கள் குடியேறிய கடல் பாறை) என்ற பெயரில் யாராவது மறைவாக விற்றாலும் வாங்காதீர்கள். நுண்துளையுள்ள பீங்கான் கட்டிகள் போதும். பாக்டீரியா குடியேறச் சில வாரங்கள் ஆகும், பொறுங்கள்.

ரெஃப்யூஜியம் இருந்தால் கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் விலை கூடிய ரீஃப் சால்ட் தேவையில்லை, உப்பளத்து உப்பே போதும் என்கிறார்கள். சரியா? (ஏரல்)

தப்பு. அதுவும் கடல் உப்புதானே என்று தோன்றும். ஆனால் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். பிறகுதான் சோடியம் குளோரைடு. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிக் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். கையில் கிடைப்பது சமையலுக்கு அருமையான உப்பு. அதைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. பாசி எதையும் உறிஞ்சத்தான் செய்யும், இல்லாத கால்சியத்தைக் கொண்டுவராது.

கடல்நீரையே எடுத்து வந்தால் பரவாயில்லை. துறைமுகத்துக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் தள்ளி எடுங்கள். புன்னைக்காயல் பக்கம் வேண்டாம், அங்கேதான் தாமிரபரணி கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளவு எங்கேயோ போய்விடும். உப்பளவு காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

எந்த லைட், எத்தனை மணி நேரம்? (தென்காசி)

செடி வளர்க்கும் சிவப்பு-நீல எல்இடி நல்லது. கிடைக்காவிட்டால் 6500 கெல்வின் வெள்ளை பல்பு ஒன்று, 15 வாட் போல. மெயின் தொட்டி விளக்கு அணையும்போது இது எரியட்டும், காலையில் அது எரியும்போது இது அணையட்டும். இரவில் எல்லா உயிர்களும் கார்பன் டை ஆக்சைடை விடுவதால் பிஎச் இறங்கும்; அந்த நேரத்தில் ரெஃப்யூஜியப் பாசி அதை இழுத்துக்கொள்ளும். ஒயரைச் சுவிட்ச் மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், வழியும் உப்புத் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. வீட்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள்.

என் கீட்டோமார்ஃபா பாசி முதலில் பந்து மாதிரி வளர்ந்தது. இப்போது வெளுத்து நூல்நூலாகப் பிய்கிறது. உரம் ஊற்றவா? கௌலெர்பா பாசிக்கு மாறிவிடவா? (அம்பாசமுத்திரம்)

முதலில் டெஸ்ட் கிட்டை எடுங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காட்டினால் பாசி பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். அதாவது ரெஃப்யூஜியம் அளவுக்கு மேல் ஜெயித்துவிட்டது. உரம் வேண்டாம். விளக்கு நேரத்தைப் பாதியாக்குங்கள், வெளுத்ததை எடுத்துவிடுங்கள், மீனுக்குத் தீனி ஒரு சிட்டிகை கூட்டுங்கள். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 அருகே நின்றால் போதும். இரண்டையும் பூஜ்யத்தில் வைத்திருப்பது பெருமை இல்லை. டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பழுப்பு வழவழப்பு அந்த மாதிரித் தொட்டிகளில்தான் கிளம்புகிறது, அதை ஒழிப்பது நைட்ரேட்டை இறக்குவதைவிடப் பெரும்பாடு. சத்து இருந்தும் வெளுத்தால் விளக்குப் போதவில்லை, அல்லது உப்பளவு திடீரென்று மாறியிருக்கும்.

கௌலெர்பா வேண்டாம் என்பேன். வேகமாக வளரும், பார்க்க அழகு. ஆனால் இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் ஒரே இரவில் உள்ளே இருப்பதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டு வெறும் தோலாக நிற்கும். காலையில் தொட்டி பச்சைப் பாலாக இருக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கிராசிலேரியா பாசி வையுங்கள். ராமநாதபுரத்துக் கரையில் கஞ்சிப்பாசி என்பார்களே, அந்த இனம். கொஞ்சம் மெதுவாக வளரும், பாசி தின்னும் டாங் மீனுக்குத் தீனியாகவும் ஆகும்.

மாண்டரின் மீன் வாங்க ஆசை. போன வாரம்தான் ரெஃப்யூஜியம் வைத்தேன். (வள்ளியூர்)

பொறுங்கள், தம்பி. அந்த மீன் நாள் முழுக்கக் கோபிபாடு என்னும் சிற்றுயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்கும். புதுத் தொட்டியில் உள்ளதைச் சில நாளில் தின்று தீர்த்துவிட்டு மெலிந்து சாகும். இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்கப் புள்ளிப்புள்ளியாக ஓட வேண்டும். அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரிக்குப் போகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லை. இதில் ரெஃப்யூஜியம் தாங்குமா? (மேலப்பாளையம்)

பாசி ஓரளவு தாங்கும், அம்மா. மீனும் பவளமும்தான் தாங்காது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அதனால் உங்கள் முதல் செலவு ரெஃப்யூஜியமாக இருக்கக் கூடாது. சம்ப்பின் மேல் இரண்டு சின்ன விசிறிகளை வையுங்கள். நெல்லையின் வறண்ட காற்றில் தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தென்காசிச் சாரலில் இதே விசிறி அவ்வளவு வேலை செய்யாது. பாசி விளக்கை இரவில் எரிப்பதால் இன்னொரு லாபம், பகல் சூட்டோடு விளக்குச் சூடு சேராது.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே நிற்கும். அதனால் தினமும் ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும். இதற்கு மிதவை வால்வு வைப்பீர்களானால் முழுக்கப் பிளாஸ்டிக்காகப் பாருங்கள். மாடித் தொட்டிக்குப் போடும் பித்தளை வால்வில் செம்பு இருக்கிறது. இறாலும் நத்தையும் கோபிபாடும் செம்பைத் தாங்காது. கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று மெயின் தொட்டியில் கிடக்கட்டும்.

ரெஃப்யூஜியம் வைத்துவிட்டேன். இனி ஸ்கிம்மரையும் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) தண்ணீர் மாற்றுவதையும் விட்டுவிடலாமா? (சங்கரன்கோவில்)

விடக் கூடாது. மீன் குறைவாக இருந்தால் ஸ்கிம்மரை யோசிக்கலாம். தண்ணீர் மாற்றுவதில் பேரமே கிடையாது.

வாரம் ஒரு வாளி பாசி வெட்டுகிறேன். வீட்டிலிருந்து கடல் பக்கம்தான், அங்கேயே போட்டுவிடலாமா? கடலில் இருந்து வந்ததுதானே. (கூடங்குளம்)

எந்தக் கடலில் இருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மீன்தொட்டிகளில் வளர்த்த கௌலெர்பா டாக்ஸிஃபோலியா 1984-ல் மொனாக்கோ கரையில் சிறு திட்டாகக் காணப்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலில் ஏராளமான இடத்தைப் பிடித்துவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மண்டபம் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பது 2008-லேயே பதிவானது. உங்கள் வாளியில் பாசி மட்டுமல்ல, அதில் ஒட்டியிருக்கும் நத்தை முட்டை, புழு, நோய்க்கிருமி எல்லாம் சேர்ந்துதான் போகும். கழிவு நீரையும் ஓடையில் ஊற்றாதீர்கள்.

வெட்டியதில் ஒரு பிடியைத் தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். மீதியை நல்ல தண்ணீரில் ஒருமணி நேரம் ஊறவைத்து அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, தென்னை மூட்டில் போடுங்கள். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். வாழைக்குப் போட வேண்டாம்.