சாய்தளத்துக்கு இடம் விடுவது

அன்புள்ள ஐயா,

பொதுக் கட்டடங்களின் வடிவமைப்பு குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறையில் தண்ணீர் வருவதே அபூர்வம். இந்த நிலையில் வடிவமைப்பு, அழகு என்றெல்லாம் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் கவலையாகவே எனக்குப் படுகிறது. முதலில் பாலமும் கட்டடமும் வரட்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கழிப்பறையில் தண்ணீர் வராததையும் நான் வடிவமைப்பின் கணக்கில்தான் எழுதுவேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள், தொட்டியை எந்த உயரத்தில் வைப்பது, குழாய் அடைத்துக்கொண்டால் தரையை உடைக்காமல் எப்படிச் சரிசெய்வது என்பவை எல்லாம் செங்கல் வந்து இறங்குவதற்கு முன்பே வரைபடத்தில் முடிவாக வேண்டியவை. முகப்பில் ஒட்டும் கண்ணாடிக்கும் நுழைவு வளைவுக்கும் மட்டும் வடிவமைப்பு என்று பெயர் வைத்துவிட்டோம். அந்த வளைவுக்கு ஆகும் செலவை நீங்கள் எதிர்த்தால், நானும் உங்கள் பக்கம்தான்.

'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயர வேண்டுமானால் பன்னிரண்டடி நீள வேண்டும் என்பது பொதுவான விதி. தலா பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள நான்கு படிகளுக்கு ஈடாக 7.2 மீட்டர் சாய்தளம் தேவை; அதன் இரு முனைகளிலும் நாற்காலியைத் திருப்ப இடம் வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பேருந்து நிலையத்தில் என் தாயாரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். படிகளைக் கட்டி முடித்த பிறகு நினைவு வந்து போட்டதைப் போல, இரண்டு மீட்டர்கூட இல்லாத ஒரு சரிவு அங்கே இருந்தது. அதுவும் நேராக ஒரு தூணில் போய் முட்டியது. முன்பின் தெரியாத இருவர் நாற்காலியோடு அம்மாவைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். அவர் வழியெல்லாம் புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டே வந்தார். அந்தச் சரிவை இனி நீட்ட முடியாது. பணம் கிடைத்தாலும் அதற்கு அங்கே இடம் இல்லை.

ஏழ்மைக்கும் நல்ல வடிவமைப்புக்கும் ஒத்துவராது என்று நீங்கள் நினைப்பதால், கன்னியாகுமரி மாவட்டத்தின் மாத்தூர் தொட்டிப்பாலத்தை நினைவூட்டுகிறேன். நாடு இன்றைவிடப் பல மடங்கு வறியதாக இருந்த 1960களில், பறளியாற்றின் பள்ளத்தாக்கைக் கடந்து பாசன நீரைக் கொண்டுசெல்லக் கட்டியது அது. இருபத்தெட்டுத் தூண்கள், ஆழமான இடத்தில் அவற்றின் உயரம் நூறடியைத் தாண்டும். தொட்டியின் மேற்புறத்தைக் கான்கிரீட் பலகைகளால் ஓரளவு மூடியிருப்பதால், நீர் போகும் வழியே ஆள் போகும் வழியாகவும் ஆகிவிட்டது. பலகை இல்லாத இடத்தில் குனிந்தால், கால்வாய் ஓடும் காலங்களில் காலடிக்குக் கீழே தண்ணீர் ஓசையில்லாமல் நகர்வதைப் பார்க்கலாம். அந்தப் பாலத்தில் ஒரு சிற்பமோ வண்ணப் பட்டையோ கிடையாது. பள்ளத்தாக்கின் ஆழத்துக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் நிற்கும் வெறும் தூண்களைத்தான் இன்று மக்கள் வண்டி பிடித்துப் போய்ப் படம் எடுக்கிறார்கள். (அங்கே காதலர்கள் கிறுக்கிவைக்கும் பெயர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேருந்து நிலையத்துக்குப் போகும்போது, கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, குழாய் சுவரின் மேல் போகிறதா அல்லது தரைக்கு அடியில் புதைந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். புதைந்திருந்தால், அங்கே தண்ணீர் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.