டேபிளைச் சுருக்கினால் லிஸ்ட் ஆகிவிடாது

கேள்வி: எங்கள் ஜவுளி மொத்த விற்பனைக் கடைக்கு ஜாங்கோவில் (பைத்தானில் வெப் புரோகிராம் எழுதும் கட்டமைப்பு) எழுதிய ஆர்டர் புரோகிராம் ஒன்று ஓடுகிறது. பக்கமெல்லாம் சர்வரிலேயே தயாராகி வரும். கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் லைனுக்குப் போகும் பையன்கள் போனில் திறந்தால் எட்டு காலம் டேபிளை இடமும் வலமும் தள்ளித் தள்ளியே அலுத்துப்போகிறார்கள். ஆர்டர் லிஸ்ட் மட்டும் போனுக்கு ஏற்றமாதிரி வந்தால் போதும். தெரிந்தவர் ஒருவர், முழுசாக ரியாக்டில் (பக்கத்தை பிரவுசரிலேயே கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) மாற்றி எழுதினால்தான் நடக்கும் என்கிறார். அப்படியா? (ஈரோட்டு வாசகர்)

பதில்: இல்லை. ஒரு லிஸ்ட்டுக்காக, ஓடுகிற புரோகிராமை இடித்துக் கட்டச் சொல்கிறவர் கையில் அநேகமாகக் கொட்டேஷனும் இருக்கும். உங்கள் சர்வர் இப்போதே எச்டிஎம்எல்லைத் தயாரித்துத்தானே அனுப்புகிறது, லிஸ்ட்டையும் அதுவே தயாரிக்கட்டும்.

முதலில் பக்கத்தின் ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் (போன் திரையின் அகலத்துக்கே வரையச் சொல்லும் ஒரு வரி) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் உங்கள் பக்கம் 980 பிக்சல் அகலம் என்று தானாக வைத்துக்கொண்டு வரைந்து, பிறகு மொத்தத்தையும் குறுக்கிக் காட்டும். 600 பிக்சலுக்குக் கீழே இப்படி இருக்கட்டும் என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) நீங்கள் என்ன எழுதினாலும் அது வேலைக்கே வராது.

அப்புறம்தான் லிஸ்ட். எட்டு காலத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி அதை லிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், ஒரே ஆர்டர் பாதி ஸ்கிரீனை அடைத்துக்கொள்ளும். கடை வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடி அந்தப் பையன் தேடுவது என்ன? கடைப்பெயர், தொகை, சரக்கு போய்விட்டதா இல்லையா, அவ்வளவுதான். பெயரும் தொகையும் மேல் வரியில் கொஞ்சம் அழுத்தமாக, தேதியும் நிலவரமும் கீழ் வரியில். ஜிஎஸ்டி எண், லாரி ஆபீஸ், பேல் எண்ணிக்கை எல்லாம் தட்டினால் திறக்கிற பக்கத்தில் இருந்தால் போதும். தட்டுவது என்றதும் ஆர்டர் எண்ணை மட்டும் லிங்க் ஆக்கிவிட வேண்டாம், வரிசை முழுவதுமே லிங்க்காக இருக்கட்டும். உயரம் 48 பிக்சலுக்குக் குறையாமல் இருந்தால் விரல் பக்கத்து வரிசையில் படாது.

இந்த ஒரு வரிசைக்கான எல்ஐ-யை (லிஸ்ட்டின் ஒரு வரிசைக்கான எச்டிஎம்எல் டேக்) மட்டும் தனி டெம்ப்ளேட் ஃபைலாக எழுதி, லூப்புக்குள் இன்க்ளூட் செய்யுங்கள். ஆபீஸில் இருப்பவர்களுக்கு டேபிள் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கவும் எக்செலில் ஒட்டவும் அதுதான் வசதி, அதைத் தொடாதீர்கள். ஒரே பக்கத்தில் டேபிள், லிஸ்ட் இரண்டையும் அனுப்பிவிட்டு, திரை அகலத்தைப் பார்த்து ஒன்றை சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்துவிடலாம். இதைக் கேட்டால் சுத்தபத்தம் பார்க்கிற புரோகிராமர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், ஒரு பக்கத்துக்கு 25 வரிசை என்று வைத்தால் அது ஒரு சுமையே இல்லை. ஒரே ஐடி இரண்டு இடத்தில் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்திருப்பது போனா கம்ப்யூட்டரா என்று சர்வரில் யூசர் ஏஜென்ட்டை (பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லி அனுப்பும் வரி) வைத்துக் கண்டுபிடிக்கிற வழிக்கு மட்டும் போகவே போகாதீர்கள், நடுவில் கேஷ் (பக்கத்தைச் சேமித்து வைத்து மறுபடி கொடுப்பது) ஏதாவது இருந்தால் போனுக்கான பக்கம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போய் நிற்கும்.

கடைப்பெயர் டேட்டாபேஸில் வேறு டேபிளில் இருக்கும் இல்லையா, வியூவில் (பக்கத்தைத் தயாரிக்கும் ஜாங்கோ ஃபங்ஷன்) இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்லும் செலக்ட் ரிலேட்டட் போடவில்லை என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் டேட்டாபேஸிடம் ஒரு தடவை போய் வரும். 25 ஆர்டருக்கு 26 குவெரி, லிஸ்ட்டுக்கு ஒன்று, கடைப்பெயர்களுக்கு 25. லிஸ்ட் மெதுவாக வருகிறது என்று போனைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அடுத்த 25-க்கு 'மேலும் காட்டு' என்று ஒரு சாதாரண லிங்க் போதும். தானாக வந்துகொண்டே இருக்கிற ஸ்க்ரோல் எனக்குப் பிடிக்காது, ஒரு ஆர்டரைத் திறந்துவிட்டுத் திரும்பினால் எங்கே இருந்தோம் என்பதே தெரியாது. பக்கம் முழுக்க ரீலோட் ஆகாமல் வரிசை மட்டும் வந்து சேர வேண்டுமென்றால் எச்டிஎம்எக்ஸ் என்ற சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது கேட்கும்போது எச்எக்ஸ்-ரெக்வெஸ்ட் என்ற ஹெடரோடு (கோரிக்கையோடு போகும் குறிப்பு) கேட்கும், அந்த ஹெடர் இருந்தால் எல்ஐ-கள் மட்டும், இல்லாவிட்டால் முழுப் பக்கம் என்று வியூவில் பிரித்துவிடலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே முகவரிக்கு இரண்டு விதமான பதில் போவதால், பையன் பேக் பட்டனை அழுத்தும்போது பிரவுசர் தன் கேஷிலிருந்து வெறும் எல்ஐ-களை எடுத்து, தலையும் இல்லாமல் ஸ்டைலும் இல்லாமல் காட்டிவிடும். எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று பிரவுசருக்குச் சொல்வது வேரி ஹெடர், பதிலோடு அதில் எச்எக்ஸ்-ரெக்வெஸ்ட் என்று சேர்த்து அனுப்பினால் சரியாகும்.

இன்னொன்று: இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று எண்ணிக் கேட்டால், நடுவில் புது ஆர்டர் ஒன்று விழுந்ததும் எல்லாம் ஒரு இடம் கீழே நகர்ந்து, முதல் பக்கக் கடைசி ஆர்டரே மறுபடி வரும். அதனால் புதியது மேலே வருகிற உங்கள் லிஸ்ட்டில், 'இந்த ஆர்டர் எண்ணுக்குக் கீழே 25' என்று கேளுங்கள்.

கேள்வி: ஜேக்வெரி மொபைல் லைப்ரரியின் லிஸ்ட்வியூவைப் (லிஸ்ட்டை அலங்கரித்துக் காட்டும் பகுதி) புதிதாகச் சேர்க்கலாமா? சேர்த்துப் பார்த்ததில், ஏஜாக்ஸில் (பக்கம் ரீலோட் ஆகாமல் பின்னால்) வரும் வரிசைகள் மட்டும் ஸ்டைல் இல்லாமல் மொட்டையாக நிற்கின்றன.

பதில்: ரெஃப்ரெஷ் கூப்பிட வேண்டும், வரிசை சேர்ந்தபின் லிஸ்ட்வியூவுக்கு அதைச் சொன்னால்தான் அலங்காரம் வரும். ஆனால் அந்த லைப்ரரிக்கு 2021-லேயே முடிவுரை எழுதிவிட்டார்கள். பழைய வேலையில் இருந்தால் இருக்கட்டும், புதிதாக வேண்டாம். வெறும் யூஎல்லும் (எல்ஐ-களைச் சுற்றும் லிஸ்ட் டேக்) நாற்பது ஐம்பது வரி சிஎஸ்எஸ்ஸும் போதும்.

கேள்வி: பிஎச்பி-யில் மொபைல் லிஸ்ட்டுக்காகக் கடைப்பெயரை 20 எழுத்தில் வெட்டுகிறேன். சில தமிழ்ப் பெயர்கள் லிஸ்ட்டில் காலியாக வருகின்றன. தட்டி உள்ளே போனால் முழுப்பெயர் சரியாக இருக்கிறது!

பதில்: சப்ஸ்டர் ஃபங்ஷனில் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8-இல் (எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளி, கொம்பு எல்லாமே தனிக் குறியீடுதான். 'செல்வி ஸ்டோர்ஸ்' என்பதில் செல்விக்கு 18, இடைவெளிக்கு 1, இருபதாவது பைட் 'ஸ'வின் மூன்றில் ஒரு பங்கு. அந்த உடைந்த துண்டைப் பார்த்ததும், பெயரைப் பக்கத்தில் பாதுகாப்பாகக் காட்டப் பயன்படும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ், பிஎச்பி 8.1-க்கு முந்தைய வெர்ஷன்களில், சத்தமே இல்லாமல் மொத்தப் பெயரையும் காலியாக்கிவிடும். குறியீடுகளை எண்ணும் எம்பி_சப்ஸ்டருக்கு மாறினால் காலியாகாது, ஆனால் வெட்டு இடம் தப்பி விழுந்தால் செல்வி 'செல்வ' ஆகிவிடுவார். வெட்டியே ஆக வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரிகிற முழு எழுத்தாக எண்ணும் கிராஃபீம்_சப்ஸ்டர்தான் சரி, அதற்கு பிஎச்பி-யின் இன்டல் (intl) எக்ஸ்டென்ஷன் வேண்டும்.

என்னைக் கேட்டால் சர்வரில் வெட்டவே வேண்டாம். பெயர் இரண்டு வரிக்குப் போனால் போகட்டும். ஒரே பெயரில் இரண்டு கடை இருந்தால் கடைசியில் வரும் ஊர்ப்பெயரில்தான் வித்தியாசமே இருக்கும், நீங்கள் வெட்டுவது அதைத்தான்.