அமெரிக்காவுல கைதி போடுற நஷ்டஈடு கேஸ்ல மாநில அரசு மட்டும் எப்படி தப்பிக்குது?

இதுக்குப் பேரு மாநில விலக்குரிமை. மாநிலம் தானா சம்மதிக்காம ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்ல அதோட கஜானாவுல இருந்து பணம் கேட்டு தனிஆள் பொதுவா கேஸ் போட முடியாது, அவ்ளோதான். 1793ல ஜார்ஜியா மேல போட்ட ஒரு கடன் கேஸ்ல மாநிலம் தோத்துச்சு, மத்த மாநிலமெல்லாம் பதறிப்போய் 1795லயே அரசியல் சட்டத்துல 11வது திருத்தம் கொண்டுவந்துட்டாங்க.

கைதிங்க வழக்கமா கேஸ் போடுறது 1871ல வந்த சிவில் உரிமை சட்டத்துல, இப்ப அதுக்கு பிரிவு 1983னு பேரு (1983 வருஷம் இல்ல, பிரிவோட நம்பர்). அதுல உரிமைய பறிச்ச "நபர்" மேல வழக்கு போடலாம்னு இருக்கு, ஆனா மாநிலம் "நபர்" கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1989ல சொல்லிடுச்சு. ஒரு வார்த்தைலயே கதவ சாத்திட்டாங்க பாருங்க! மத உரிமைக்குன்னு இருக்கிற வேற சட்டத்துல டெக்சஸ் கைதி ஒருத்தர் ஜெயில் சேப்பல்ல வழிபட விடலன்னு கேஸ் போட்டாரு, 2011ல அவருக்கும் நஷ்டஈடு இல்லன்னுதான் தீர்ப்பு.

கடைல வேலை செய்றவர் உங்கள அடிச்சிட்டாருன்னு வைங்க, கல்லாவுல கை வைக்க முடியாது, ஆனா அடிச்சவர் சட்டைப்பையில இருந்து கேக்கலாம், அந்த மாதிரிதான் இதுவும். அதனால மனுவோட முதல் பக்கத்துல எதிர்மனுதாரர்னு "டெக்சஸ் மாநிலம்"னு மட்டும் எழுதினா பணம் கேக்குற கேஸ் அங்கயே காலி, காவலர் பேர எழுதி தனிப்பட்ட முறைல அவர்மேலன்னு போட்டா நிக்க வாய்ப்பு இருக்கு. கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) நடத்துற ஜெயிலுக்கு இந்த விலக்கு பொதுவா கிடையாது.

நிறைய பேர் கைதி கேஸே போட முடியாதுன்னு நினைக்கிறாங்க, அது தப்பு, நடந்துக்கிட்டு இருக்கிற உரிமை மீறல நிறுத்தச் சொல்லி அதிகாரி மேல உத்தரவு வாங்க 1908 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே வழி இருக்கு.