ஜேர்மனி தோற்ற மறுநாள் வேலையிடத்தில் எப்படிப் பேசுவது?

தம்பி, டோர்ட்முண்டுக்கு வந்து சில வாரங்களே ஆன நிலையில் நீங்கள் கேட்டிருக்கும் மருத்துவக் காப்புறுதி, வாடகை முற்பணம், வரி இலக்கம் ஆகியவற்றுக்கு உங்கள் நிறுவனத்தின் ஆளணிப் பிரிவு என்னைவிடச் சரியான பதில் தரும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. என்னைப் போன்ற பழையவர்களின் சொல்லை நம்பி அவற்றில் இறங்க வேண்டாம். நான் பதில் எழுத விரும்புவது உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான். மதிய உணவு மேசையில் எல்லோரும் தேசிய உதைபந்தாட்ட அணியைப் பற்றியே கதைக்கிறார்கள் என்றும், “எங்கள் அணியின் காலம் முடிந்துவிட்டது” என்று அவர்களே சலித்துக்கொள்ளும்போது நீங்களும் ஆமோதிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து ஆமோதிக்காதீர்கள். பெற்ற தாய் தன் பிள்ளையை நாள் முழுவதும் ஏசுவாள். அடுத்த வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களோடு சண்டைக்கு நிற்பாள். தேசிய அணியும் இங்குள்ளவர்களுக்கு அப்படித்தான். 1994 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஜேர்மனி பல்கேரியாவிடம் 2-1 எனத் தோற்றபோது நான் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை செய்த பல்கேரியர் ஒருவர் மறுநாள் காலை பாடிக்கொண்டே உள்ளே வந்தார். அவர் எவரையும் இழிவாகப் பேசவில்லை, மகிழ்ச்சியாக இருந்தார், அவ்வளவுதான். அன்று முழுவதும் அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை. எண்ணெய் பிடித்த புகைப்போக்கியைக் கழுவும் வேலை அந்த வாரம் முழுக்க அவர் தலையில் விழுந்தது. அது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் புதிதாக வந்தவருக்கு அநியாயத்தையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது பழையவரின் கடமை.

அந்த மனவருத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். 1990 ஜூலை 8 அன்று ரோமில் பிரேமேயின் தண்ட உதையால் ஆர்ஜென்டினாவை வென்று மூன்றாவது தடவையாகக் கிண்ணத்தைத் தூக்கிய அணி இது. மூன்று மாதங்கள் கழித்து நாடு ஒன்றிணைய இருந்ததால், கிழக்கு ஜேர்மனியின் வீரர்களும் சேர்ந்துவிட்டால் இந்த அணியை இன்னும் பல ஆண்டுகளுக்கு எவராலும் வெல்ல முடியாது என்று பயிற்றுநர் பெக்கன்பவர் சொன்னார். அந்தக் கோடையில்தான் நான் வந்து இறங்கியிருந்தேன். முகாமில் கானா, லெபனான், இலங்கை என்று பல நாட்டவரும் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து இறுதியாட்டத்தைப் பார்த்தோம். வெளியே விடிய விடிய வாகனங்கள் ஒலி எழுப்பின, நாங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. வெற்றி நாளிலும் குடித்தவர்களின் நடுவே போகாதீர்கள் என்று முன்பே வந்திருந்த ஓர் அண்ணர் எங்களைத் தடுத்துவிட்டார். அவர் பயந்தது வீணல்ல. 1992இல் ரொஸ்டொக்கில் வெளிநாட்டவர் தங்கியிருந்த கட்டடம் எரிக்கப்பட்டது. 1993 மே மாதம், இங்கிருந்து அதிக தூரமில்லாத சோலிங்கனில், ஒரு துருக்கியக் குடும்பத்தின் ஐந்து பெண்களும் சிறுமிகளும் தீயிட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே காலத்தில், 1992 டிசம்பரில், ஜேர்மனியின் முதற்தரக் கழகப் போட்டியான புண்டஸ்லீகாவின் வீரர்கள் அனைவரும் ‘என் நண்பன் ஒரு வெளிநாட்டவன்’ என்ற வாசகம் பொறித்த சட்டையோடு மைதானத்தில் இறங்கினார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் இந்த நாட்டின் உதைபந்தாட்டத்தை என்னுடையதாகவும் பார்க்கத் தொடங்கினேன்.

இனி ‘காலம் முடிந்துவிட்டது’ என்ற பேச்சுக்கு வருகிறேன். 2014இல் பிரேசிலை அதன் சொந்த மண்ணில் அரையிறுதியில் 7-1 என வென்று பின்னர் கிண்ணமும் எடுத்த ஜேர்மனி, 2018இல் ரஷ்யாவின் கசானில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோற்றுத் தன் குழுவில் கடைசியாக வந்தது. 1938க்குப் பிறகு முதற்சுற்றோடு வெளியேறியது அதுவே முதல் தடவை. 2022இல் ஜப்பானிடம் 2-1 எனத் தோற்று, கோல் வித்தியாசத்தில் ஸ்பெயினுக்குப் பின்னால் நின்று மீண்டும் முதற்சுற்றோடு திரும்பியது. அடுத்த ஆண்டு வொல்ஃப்ஸ்பூர்கில் அதே ஜப்பானிடம் 4-1 எனத் தோற்றபின், வரலாற்றில் முதல் தடவையாகத் தேசியப் பயிற்றுநர் ஒருவர் பதவி நீக்கப்பட்டார். இத்தாலியின் நிலை இதைவிடப் பரிதாபமானது: நான்கு தடவை உலகக் கிண்ணம் வென்ற நாடு 2018, 2022 ஆகிய இரண்டு போட்டிகளுக்கும் தகுதி பெறவில்லை, இரண்டாவது தடவை பலேர்மோவில் வட மசிடோனியா அடித்த ஒரே கோலால் வழி அடைபட்டது. ஆனால் அந்த இரண்டு ஏமாற்றங்களுக்கும் இடையில் 2021இல் வெம்ப்ளியில் அதே இத்தாலி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது என்பதை மேசையில் இருப்பவர்கள் மறந்துவிடுவார்கள். 2002இல் பிரான்ஸ், 2010இல் இத்தாலி, 2014இல் ஸ்பெயின், 2018இல் ஜேர்மனி என்று நடப்புச் சம்பியன்களாக வந்த ஐரோப்பிய நாடுகள் நான்கும் முதற்சுற்றிலேயே வீழ்ந்திருக்கின்றன. இவற்றுள் பிரான்ஸ் 2018இல் மீண்டும் கிண்ணம் வென்று 2022இல் இறுதியாட்டம் வரை சென்றது. ஸ்பெயின் 2024இல் ஐரோப்பியச் சம்பியனானது. ஆகவே பழைய வல்லரசுகள் மொத்தமாகச் சரிந்துவிட்டன என்பது உண்மையல்ல.

என் கருத்தில் உண்மையான மாற்றம் வேறு இடத்தில் நடந்திருக்கிறது. புலம்பெயர்ந்தவன் என்ற முறையில் அதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. 2022இல் ஜேர்மனிக்கு எதிராக ஜப்பானுக்குக் கோல் அடித்த டோவானும் அசானோவும் அப்போது ஜேர்மனியிலேயே விளையாடிக்கொண்டிருந்தவர்கள்; ஒருவர் ஃப்ரைபூர்க் அணியில், மற்றவர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள போஹும் அணியில். கசானில் இரண்டாவது கோலை அடித்த தென்கொரியாவின் சோன் ஹியுங்-மின், சிறுவனாக ஹம்பூர்க் வந்து இங்கேயே ஆட்டத்தைப் பயின்றவர். அந்த வயதில் இங்கே தான் அனுபவித்த இனவெறியைப் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். 2022இல் அரையிறுதிக்கு வந்த மொரோக்கோவின் 26 வீரர்களில் 14 பேர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். ஸ்பெயினை வெளியேற்றிய கடைசித் தண்ட உதையை உதைத்த ஹக்கிமி, மட்ரிட்டில் பிறந்து இரண்டு பருவங்கள் டோர்ட்முண்டில் ஆடியவர். வேலை தேடியும் வாய்ப்புத் தேடியும் ஐரோப்பாவுக்கு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இங்குள்ள பயிற்சிக்கூடங்களில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பெரிய நாடுகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் இருந்த தூரம் அதனால்தான் குறைந்திருக்கிறது.

ஜேர்மனிக்குள் இருக்கும் குறையும் மறைவானதல்ல. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் குழுவின் கடைசியில் வந்தபின் தொழில்முறைக் கழகங்கள் இளையோர் பயிற்சிக்கூடம் நடத்த வேண்டும் என்று விதித்தார்கள்; 2014 அணி அந்த விளைச்சல். ஆனால் அங்கிருந்து நடுக்கள வீரர்கள் நிறையவே வந்தார்கள், குளோசேக்குப் பிறகு அவரைப் போன்ற மையத் தாக்குதல் வீரர் வரவில்லை. 2022இல் அந்த இடத்துக்கு வந்த ஃபுல்க்ரூக் தேசிய அணிக்கு முதன்முதலில் ஆடியபோது அவருக்கு வயது 29. உங்கள் மேசையில் பேச்சு எழும்போது தீர்ப்புச் சொல்லாமல், “குளோசேயின் இடத்துக்கு யார் பொருத்தம்?” என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் உங்களுக்கு மொழிப்பயிற்சியும் கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் எச்சரிக்கை இனித்தான் வருகிறது. தோல்வி வந்தால் பழி சில பெயர்களை மட்டும் தேடிப் போகும். கெல்சன்கிர்ஹெனில் பிறந்த ஓசில் 2014இல் ஏழு ஆட்டங்களிலும் ஆடிக் கிண்ணம் வாங்கித் தந்தவர். 2018 மே மாதம் துருக்கிய ஜனாதிபதியுடன் எடுத்த படத்துக்காக அவர்மேல் எழுந்த கோபத்தில் ஒரு நியாயமான பகுதி இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், தென்கொரியாவிடம் கண்ட தோல்வியை அவர் தோளில் ஏற்றியதில் எந்த நியாயமும் இல்லை. வென்றால் நான் ஜேர்மனியன், தோற்றால் குடியேறியவன் என்று எழுதிவிட்டு அவர் அணியை விட்டு விலகினார். 2024இல் பொது ஒலிபரப்பு நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், தேசிய அணியில் வெள்ளையர் கூடுதலாக இருக்க வேண்டும் என்று 21 சதவீதத்தினர் சொன்னார்கள். அப்படியொரு கேள்வியைக் கேட்டதே இனவெறி என்று தேசிய அணி வீரர் கிம்மிஷ் கண்டித்தார். அந்த ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் அணித்தலைவராக நின்றவர் குந்தோவான், அவரும் கெல்சன்கிர்ஹெனில் பிறந்த துருக்கியக் குடும்பத்துப் பிள்ளை. ஸ்டுட்கார்ட்டில் 119ஆம் நிமிடத்தில் ஸ்பெயினின் மெரினோ தலையால் முட்டிய கோலில் அந்த அணி தோற்றபோது, நாட்டில் பெரும்பாலானோர் அவர்களுக்காகவே மனம் வருந்தினார்கள்.

எனக்குப் பொறுக்க முடியாதது வேறொன்று. நம்மவர்களின் பிறந்தநாள் விழாக்களிலேயே “துருக்கியரைச் சேர்த்ததால்தான் தோற்றார்கள்” என்று சிலர் சத்தமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முகாமில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள், ஒரே வரிசையில் விசாவுக்காக நின்றவர்கள், கடவுச்சீட்டு மாறியதும் இப்படிப் பேசுகிறார்கள். அவர்களோடு நீங்கள் வாக்குவாதப்பட வேண்டியதில்லை. அந்தப் பேச்சை வேலையிடத்துக்குக் கொண்டுபோகாமல் இருந்தால் போதும். ஒரு ஜேர்மன் தோழர் உங்களிடம் அப்படிச் சொன்னால், 2014 அணியில் குளோசேயும் பொடொல்ஸ்கியும் போலந்தில் பிறந்தவர்கள் என்பதை அமைதியாக நினைவூட்டுங்கள். நான் பல தடவை செய்திருக்கிறேன்; பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றிருக்கிறது.

நீங்கள் விளையாடக்கூடியவர் என்றால், பார்ப்பதோடு நிற்காமல் குடியிருப்புக்கு அருகில் உள்ள சிறிய கழகம் ஒன்றில் சேருங்கள். பெரியவர்களுக்கான பொழுதுபோக்கு அணிகளும் உண்டு, சேருவதற்கு முன் ஒரு நாள் பயிற்சிக்கு வந்து பார்க்கப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். என் மகன் பத்து வயதில் அப்படிச் சேர்ந்தபோது, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையும் கழகத்தின் ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்ததால் உறவினர் பலர் எங்களைக் குறை சொன்னார்கள். பாடசாலை ஆசிரியையிடம் பேசி ஆட்டமுள்ள நாட்களில் ஒரு பாடவேளையை மட்டும் விட அனுமதி பெற்றோம், அவன் இரண்டையும் முடித்தான். டோர்ட்முண்டில் இருக்கும்வரை நீல நிறச் சட்டையோடு ஆட்டம் பார்க்கப் போகாதீர்கள், அது டோர்ட்முண்ட் கழகத்தின் பரம எதிரியான ஷால்கே கழகத்தின் நிறம். எந்தக் கழகத்தில் சேருவது என்று தெரியாவிட்டால் உங்கள் அஞ்சல் இலக்கத்தை எழுதுங்கள். அந்தப் பகுதியில் புதியவர்களை நன்றாக நடத்தும் கழகம் எது என்று விசாரித்துச் சொல்கிறேன்.