15 கிலோவோல்ட்டுக்கு 13.6 காட்டும் ப்ரோப்

நீங்கள் செய்த உயர் மின்னழுத்த ப்ரோப், அதாவது மின்னழுத்தத்தை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்து மீட்டருக்குத் தரும் கருவி, 15 கிலோவோல்ட்டுக்கு 15 வோல்ட் காட்டாமல் 13.6 வோல்ட்தான் காட்டுகிறது என்கிறீர்கள். இந்தக் குறைவுக்குக் காரணம் உங்கள் மீட்டர்தான். கீழ்ப்பக்க 1 மெகாஓம் ரெசிஸ்டருக்கு இணையாக மீட்டரின் 10 மெகாஓமும் சேர்ந்து 0.909 மெகாஓம் ஆகிவிடுகிறது. மேலே 1 ஜிகாஓம் அப்படியே இருக்கட்டும், கீழே 1.11 மெகாஓம் போடுங்கள், சரியாகிவிடும்.

ரெசிஸ்டர்கள் இருக்கும் ப்ரோப் குழாய்க்குள் கேட்கும் சரசரப்புதான் எனக்குக் கவலை. அது கொரோனா, அதாவது உயர் மின்னழுத்தம் கூர் முனைகளிலிருந்து காற்றில் கசிவது. சால்டர் முனைகளைக் கூர் இல்லாமல் உருண்டையாக்கி, சால்டர் செய்தபோது படிந்த ஃப்ளக்ஸ் பிசினையும் கைரேகையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் நிரப்பிக் கசியாமல் மூடுங்கள். சிலிகான் சீலன்ட் வேண்டாம். காற்றின் ஈரத்தில்தான் அது இறுகும், குழாயின் நடுவில் பல நாள் பச்சையாகவே கிடக்கும்.

ஒன்று மட்டும் கட்டாயம்: எர்த் கிளிப்பை முதலில் மாட்டுங்கள், கடைசியில் கழற்றுங்கள். அது கழன்றால் முழு மின்னழுத்தமும் மீட்டருக்கே வந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பில் இதைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.