‘20 தடவைதான் பறந்தது’ என்கிற கைட்டை வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் பிடோக்கில் வசிக்கிறேன். எடை 72 கிலோ. வியட்நாமின் முய் நேயில் கைட் சர்ஃபிங் (பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டேன். பலகையில் எழுந்து 50 மீட்டர்வரை போக முடிகிறது. இணையத்தில் ஒருவர் 2016ஆம் ஆண்டின் 12 சதுர மீட்டர் கைட்டை பார் (கைட்டை இயக்கும் கைப்பிடிக் கம்பு), பம்ப், பை எல்லாம் சேர்த்து 480 வெள்ளிக்குத் தருகிறார். “மொத்தமே 20 தடவைதான் பறந்தது, மிச்ச நாளெல்லாம் வீட்டுக்குள்தான் இருந்தது. காற்று மட்டும் லேசா இறங்கும், சின்ன வேலை” என்கிறார். வாங்கலாமா? நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: வாங்கக்கூடாது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் நல்ல குணமாகச் சொல்லும் விஷயம்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியது. சிங்கப்பூரில் கைட் பறந்து கெடுவதைவிடப் பையில் கிடந்து கெடுவது அதிகம். வெயிலும் உப்பும் துணியைத் தின்னும் என்பது எல்லாருக்கும் தெரியும். சத்தமில்லாமல் தின்பது புழுக்கம். கைட்டின் குழாய்களுக்குள் இருக்கும் காற்றுப்பை, அதாவது பிளாடர், பாலியுரேத்தேன் படலம். அதில் வால்வைப் பிடித்து வைத்திருப்பது பசை. வெப்பத்தில் பசை இளகும்; ஈரப்பதத்தில் பாலியுரேத்தேன் மஞ்சளித்துப் பிசுபிசுக்கும். காற்றோட்டமே இல்லாத பாம் ஷெல்டரிலோ (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை), வெயிலில் நிற்கும் காரின் பூட்டிலோ வருடக்கணக்கில் மடித்துக் கிடந்த கைட்டில், மடிப்புக்கு மடிப்பு பிளாடர் ஒட்டிக்கொண்டிருக்கும். வாரந்தோறும் வெளியே வந்து, அலசிக் காய்ந்து உள்ளே போகும் கைட் இதற்கு எவ்வளவோ மேல். எனவே அவரிடம் கேட்க வேண்டியது, எங்கே வைத்திருந்தார், கடைசியாக எப்போது விரித்தார் என்பதைத்தான்.

‘காற்று லேசாக இறங்கும்’ என்பதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் மிதக்கவும், அங்கிருந்தே மறுபடி எழவும் வேண்டும் என்பதற்காகத்தான் கைட்டுக்குக் காற்றடைத்த முதுகெலும்பு வந்தது. பிரான்சின் பிரிட்டனியைச் சேர்ந்த லெகெனியூ சகோதரர்கள் அதற்குக் காப்புரிமை கேட்டது 1984இல். நடுக்கடலில் முன்விளிம்புக் குழாய், அதாவது லீடிங் எட்ஜ், தளர்ந்தால் கைட் தோசைபோல் மடிந்துகொள்ளும், திசை திருப்ப முடியாது, மறுபடி எழும்பாது. அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தே கரைக்கு வரலாம் என்ற கடைசி வழியும் போய்விடும்.

முதல் சோதனைக்கு ஓர் இரவு வேண்டும். நிழலான இடத்தில், முடிந்தால் புல்தரையில், விரிக்கச் சொல்லுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் துணி தேயும். வேறு இடமில்லையென்றால் பாய் விரித்து அதன்மேல். பம்ப்பை நீங்களே அடியுங்கள், அப்போதுதான் அளவு கையில் தெரியும். 12 சதுர மீட்டர் கைட்டுக்கு 6 முதல் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். கைட்டின்மேல் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் எண் இருந்தால் அதுவே சரி. விரலால் சுண்டினால் குழாய் ‘டங்’ என்று சொல்ல வேண்டும். பிறகு, குறுக்குக் குழாய்களான ஸ்ட்ரட்டுகளுக்குப் போகும் சின்ன ஹோஸ்களின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். இதை மறந்தால் சோதனையே வீண். எல்லாக் காற்றும் ஒரே தொட்டியாகிவிடும், எங்கே ஓட்டை என்று தெரியாது. கிளிப் மூடியிருந்தால், காலையில் எது தொளதொளத்திருக்கிறதோ அதுதான் ஆள். வெயிலில் அடித்துவிட்டுக் குளிர்சாதன அறையில் வைத்துப் பார்க்காதீர்கள். காற்று குளிர்ந்தாலே அழுத்தம் கொஞ்சம் குறையும், ஓட்டை என்று தோன்றும்.

நடு ஸ்ட்ரட் மட்டும் தளர்ந்தால் மகிழ்ச்சி. அது சிறிய பிளாடர், எளிய வேலை. லீடிங் எட்ஜ் தளர்ந்தால் முதலில் வால்வுகளைப் பாருங்கள். வால்வைச் சுற்றியுள்ள துணியை விரலால் விலக்கி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவுங்கள். குமிழி வால்வின் வாயிலிருந்து வந்தால் மணல் சிக்கியிருக்கும், துடைத்தால் தீரும். வால்வின் அடித்தட்டைச் சுற்றி மெல்லிய நுரைவளையம் எழும்பினால் பசை விட்டுப்போயிருக்கிறது. இந்த ஊரில் அதிகம் காணும் கோளாறு இதுதான். ஒரு வால்வில் பசை விட்டால் மற்றதும் அதே வயதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

வால்வை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை, பொறுமை இருந்தால். லீடிங் எட்ஜின் இரு முனைகளையும் திறந்து, பிளாடரை உருவும் முன் அதன் இரண்டு வாலிலும் நீளமான கயிறு கட்டுங்கள். உருவிய பிறகு கயிறு குழாய்க்குள்ளேயே கிடக்கும்; திரும்ப உள்ளே இழுக்க அதுதான் வழி. கட்டாமல் உருவியவர்கள் நீளக் கம்பியைத் தேடி அலைவார்கள். வால்வுகளை உள்ளே தள்ளிவிட்டு பிளாடரை மெல்ல வெளியே எடுங்கள். முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் காட்டினால் பழைய வால்வு உரிந்து வரும். மிச்சப் பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால், விரலுக்கு வழவழப்புத் தெரியும்வரை துடையுங்கள். ஒட்டும் பசையோடு வரும் புது வால்வின் துளையை பிளாடரின் துளைக்கு நேராக வைத்து, நடுவிலிருந்து விளிம்புநோக்கிக் கரண்டியின் முதுகால் தேய்த்து ஒட்டி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஒட்டியது பிடித்ததா என்று பார்க்கும் ஆசையில் வெளியே வைத்து முழுக் காற்றடிக்காதீர்கள். பிளாடருக்கு உருவம் கொடுப்பதும் தாங்குவதும் வெளிக்குழாயின் டேக்ரான் துணிதான். அது இல்லாமல் அடித்தால் பலூன்போல் ஊதி வெடிக்கும். கடைசியாக முகப்பவுடரைத் தாராளமாகப் பூசி, முறுக்கில்லாமல் உள்ளே இழுத்து, பாதிக் காற்றடித்துச் சுருக்கங்களைக் கையால் நீவிவிட்டு, பிறகே முழுதாக அடியுங்கள்.

பிளாடரே தொட்டால் ஒட்டுகிறது, மஞ்சளாகிவிட்டது என்றால் வால்வை மாற்றிப் பயனில்லை. புது பிளாடர்தான் போட வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் இந்த 480 வெள்ளிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

துணிக்கு வருவோம். நல்ல துணி கசக்கினால் புது நோட்டுபோல் சலசலக்கும். வெயில் தின்ற துணி பழைய வேட்டிபோல் மெத்தென்று இருக்கும், சத்தம் வராது. வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று எளிதாக மறுபக்கம் போனால் பூச்சு போய்விட்டது. பின்விளிம்பு ஓரத்தில் இரு கட்டைவிரல்களையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து அழுத்தி இழுங்கள், விற்பவரிடம் கேட்டுவிட்டு. கிழிசல் பரவாதபடி நெய்த நல்ல ரிப்ஸ்டாப் துணி அசையாது. செத்த துணி காகிதமாகக் கிழியும். கிழிந்ததே என்று அவர் வருத்தப்பட்டால், அது கடலில் கிழிந்திருக்க வேண்டியது. சுண்டுவிரல் நீளக் கிழிசலை ஒட்டும் ரிப்ஸ்டாப் டேப்பால் இரு பக்கமும் மூடிவிடலாம். தையலைத் தாண்டி ஓடும் கிழிசல் பாய்மரத் தையல்காரரிடம்தான் போக வேண்டும். கரும்புள்ளிப் பூஞ்சை பார்க்க அசிங்கமே தவிர, துணி சலசலக்கும்வரை அதற்காகக் கைட்டை விடவேண்டாம். விலையைக் குறைக்கக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லீடிங் எட்ஜிலிருந்து தொங்கும் பிரைடில் கயிறுகளில், கப்பி ஓடும் இடத்தை மட்டும் நகத்தால் வருடுங்கள். பஞ்சு எழும்பியிருந்தால் மாற்ற வேண்டும். கப்பி சுழலாமல் நின்றால் கயிற்றை அறுக்கும் கத்தி அதுவே.

இனி கைப்பிடியான ‘பார்’. விளம்பரத்தில் இலவச இணைப்புபோல் வரும் பொருள். உங்கள் உயிர் இருப்பது இதில்தான், கைட்டில் அல்ல. கைட் சர்ஃபிங் விடுவிப்பு அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 21853 தரம் வெளியானது 2020இல். 2016ஆம் ஆண்டின் பார் அதற்கு முந்தியது. மோசம் என்று அர்த்தமில்லை, சோதிக்காமல் நம்பக்கூடாது என்று அர்த்தம். ஹார்னெஸ் என்கிற இடுப்புக் கச்சை அணிந்து, பாரை அதோடு இணைக்கும் வளையமான சிக்கன் லூப்பை மாட்டி, பாரிலிருந்து கைட்டுக்குப் போகும் நான்கு கயிறுகளையும் (முன்கயிறு இரண்டு, பின்கயிறு இரண்டு) உறுதியான தூணில் கட்டி, முழு எடையையும் போட்டுச் சாயுங்கள். ஒருவர் பின்னால் நின்று தாங்கிக்கொள்ளட்டும். அந்த நிலையில் ஒரே கையால், ஒரே தள்ளலில் குயிக் ரிலீஸ், அதாவது அவசர விடுவிப்பு, விடுபட வேண்டும். ஐந்து தடவை செய்யுங்கள். ஒரு தடவை தயங்கினாலும் நல்ல தண்ணீரில் மணல் போக அலசி மறுபடி செய்யுங்கள். அப்போதும் தயங்கினால் அந்தப் பாரைத் தொடாதீர்கள். விடுபட்ட பிறகு கைட்டைச் செயலிழக்கச் செய்யும் முன்கயிறு, பாரின் நடுத்துளை வழியாகத் தடையில்லாமல் ஓட வேண்டும், அதுவும் கைட்டின் முழு அகலத்துக்கு மேல். பாதியில் சிக்கினால் கைட் இழுத்துக்கொண்டேயிருக்கும். பிறகு உங்களைக் கைட்டோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிறான லீஷின் தனி விடுவிப்பையும் அதேபோல் பாருங்கள்.

கயிறுகளின் நீளத்துக்கு இன்னொரு சோதனை. நான்கு நுனிகளையும் ஒரே கொக்கியில் மாட்டி, கைட்டின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் டிரிம் பட்டையை முழுச் சக்திக்குத் தளர்த்தி, பாரை உங்களை நோக்கி முழுக்க இழுத்துப் பின்னால் சாயுங்கள். நான்கும் ஒரே விறைப்பில், பார் நேராக இருக்க வேண்டும். பார் ஒருபக்கம் சாய்ந்தால் பின்கயிறுகள் ஏற்றத்தாழ்வு. பார் நேராக இருந்து முன்கயிறுகள் தொய்ந்தால் அதுதான் பழைய பார்களின் வழக்கமான நோய்: பாரம் தாங்கித் தாங்கி முன்கயிறு நீண்டுவிடும், உப்பும் மணலும் ஏறிப் பின்கயிறு சுருங்கும். இப்படிப்பட்ட பாரில் கைட் எப்போதும் பாதி பிரேக் போட்டதுபோல் பறக்கும். மெல்லிய காற்றில் பின்னோக்கிச் சரிந்து விழும். ஓட்டுபவரோ இன்றைக்குக் காற்று பத்தவில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார். 2, 3 சென்டிமீட்டர் வித்தியாசத்தை நுனிக் கயிற்றின் முடிச்சை நகர்த்திச் சரிக்கட்டலாம். அதற்கு மேல் போனால் கயிற்றுத் தொகுதியையே மாற்றுங்கள். கயிற்றின் நடுவில் இறுகிப்போன முடிச்சு இருந்தாலும் அப்படித்தான். முடிச்சு விழுந்த இடத்தில் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

உங்களுக்குப் புதுப் பார் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். ஆனால் எந்தப் பாரும் எந்தக் கைட்டுக்கும் பொருந்தாது. முன்கயிறுகள் பிரியும் உயரமும் பாதுகாப்புக் கயிறு இணையும் இடமும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பிரைடிலையும் நான்கு இணைப்பு நுனிகளையும் படமெடுத்துக்கொண்டு உள்ளூர் கைட் கடைக்குப் போய்க் கேளுங்கள். கடையில் புதுச் சரக்கை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பழுதுபார்க்கும் மேசையைப் பாருங்கள். எந்த பிராண்டின் பிளாடர் அங்கே குவிந்து கிடக்கிறது, எதற்கு உதிரிப்பாகம் இருப்பில் இருக்கிறது என்பதுதான் இந்த ஊருக்கான உண்மையான விமர்சனம். இன்னும் மேல்காற்றுப் பக்கம், அதாவது காற்று வரும் திசைக்கு, திரும்பிவரத் தெரியாத உங்களைப்போன்றவருக்கு, கைட்டை ஏற்றி இறக்கக் கைகொடுக்கும் ஆட்கள் வேண்டும். அவர்கள் அறிமுகமாவதும் பெரும்பாலும் கடையில்தான்.

அளவு சரியா? தோராயக் கணக்கு: எடையை 2.2ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தை ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் எடுத்து அதனால் வகுக்க வேண்டும். 72 கிலோவுக்கு 13 நாட் காற்றில் 12.2 சதுர மீட்டர். 11 நாட் காற்றில் 14.4. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை, தென்மேற்கு வீசும் ஜூன் முதல் செப்டம்பர்வரை, இங்கே நல்ல நாளில் 12 உங்களுக்கு ஓடும், 140 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமான பலகையோடு. இடைப்பட்ட மாதங்களில் பை திறக்காது. ராமேஸ்வரத்துக்கோ இலங்கையின் கல்பிட்டிக்கோ தென்மேற்குப் பருவத்தில் போகும் எண்ணம் இருந்தால் அங்கே இது பெரிது. 20 நாட் காற்றில் கணக்கு 8க்கு வந்துவிடும்.

மெல்லிய காற்றுக்குப் பெரிய கைட் வைத்திருப்பவருக்கு இங்கே உள்ள ஆபத்து சுமத்ரா ஸ்குவால். பெரும்பாலும் விடியலுக்கு முன்னரும் காலையிலும் மேற்கிலிருந்து வரும் இடிமழை வரிசை. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. மேற்கே கறுப்பு வரிசை தெரிந்தால் இன்னொரு சுற்று என்று நினைக்காமல் இறங்கி, லீடிங் எட்ஜின் காற்றைத் திறந்துவிடுங்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் இறங்கவே வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் கரையில் நின்றாலே பார்க்கலாம். கயிறு சிக்கினால் காற்று உங்களைக் கொண்டுபோகும் பக்கம் அதுதான்.

ஆக, துணி சலசலத்து, ஓட்டை ஸ்ட்ரட்டிலோ வால்விலோ மட்டும் இருந்து, பாரைக் கணக்கில் சேர்க்காமல் விலை இறங்கினால் வாங்குங்கள். ஓர் இரவு காற்றடித்து வைக்க அவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின் ஒன்று. கடலிலிருந்து வந்ததும் பார், கயிறு, குயிக் ரிலீஸ் மூன்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கைட்டை வீட்டுக்குள், மின்விசிறிக்கு அடியில் விரித்துக் காயவிடுங்கள். துணி காயப்போடும் மூங்கில் கம்பில் சன்னலுக்கு வெளியே நீட்டினால், ஒரு காற்றில் அது கீழே போகிறவர் தலையில் இறங்கும், பிறகு வழக்குதான். பம்ப் அடிக்கும் வால்வைத் திறந்தே வைத்து, தளர்வாகச் சுருட்டி, பையின் ஜிப்பைப் பாதி மட்டும் மூடுங்கள். காற்றில்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் கொஞ்சம் காற்றடித்து, மடிப்புகள் வேறு இடத்தில் விழும்படி திரும்பச் சுருட்டி வையுங்கள்.