பழைய வோல்க்ஸ்வாகன் வேனுக்குப் பெரிய பிஸ்டன் போடலாமா?

கேள்வி: படுக்கையும் சிறு சமையல் மேடையும் பொருத்திய 1969ஆம் ஆண்டு வோல்க்ஸ்வாகன் வேன் ஒன்றை வாங்கியிருக்கிறேன். காற்றால் குளிரும் 1600 சிசி இன்ஜின். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது கடுமையாகச் சூடேறி, இழுவை குறைந்துவிடுகிறது. 87 மி.மீ. பிஸ்டன், சிலிண்டர் செட் போட்டால் இழுவை கூடும் என்றும், இன்ஜினைச் சுற்றியுள்ள தகரங்களைக் கழற்றிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். இந்தச் செலவைச் செய்யலாமா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பிஸ்டன் செட்டை இப்போது வாங்க வேண்டாம், தகரங்களைக் கழற்றவே கூடாது.

அந்தத் தகரங்கள் வெறும் மூடிகள் அல்ல. ஃபேன் உறிஞ்சும் காற்றைச் சிலிண்டர்களின் மேல், சூட்டை வெளியேற்ற இருக்கும் உலோகச் செதில்களுக்கு இடையே செலுத்துபவை அவைதான். அவை இல்லையென்றால் காற்று எளிதான வழியைத் தேடி வெளியேறிவிடும். இன்ஜின் அறையின் விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையும் அதே அளவு முக்கியமானது. கீழே தள்ளப்பட்ட வெப்பக் காற்று மறுபடி மேலேறி ஃபேனுக்குள் நுழையாமல் தடுப்பது அதுதான். வண்டி ஊர்ந்து செல்லும்போது மட்டும் சூடு ஏறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், என் முதல் சந்தேகம் இந்தப் பட்டையின் மேல்தான் விழுகிறது. காசிமேட்டுக் கடற்காற்றில் தகரங்கள் அரித்துப்போயிருக்கவும் வாய்ப்புண்டு.

இப்போதுள்ள 85.5 மி.மீ. செட்டை 87 ஆக்கினால் 1584 சிசி, 1641 சிசி ஆகும். கூடுவது நான்கு சதவீதம்கூட இல்லை. சிலிண்டர்கள் உட்காரும் இன்ஜின் கூட்டைக் கடையாமலே பொருந்தும்படி செய்யப்பட்ட இந்தச் சிலிண்டர்களின் சுவர் மெல்லியதாக இருப்பதால், சூட்டில் வட்டம் கோணிப்போகும் என்பது இவற்றின் பழைய குறை. சூடேறும் இன்ஜினில் இதைப் போடுவது வீண்செலவு.

செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் வேறொரு மாற்றம் இருக்கிறது. உங்கள் வேனின் காலத்து இன்ஜினில் ஆயில் கூலர், மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நிற்கிறது. அதனால் அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிட அதிகம் சூடாகும். 1971 மாடலிலிருந்து ‘டாக்ஹவுஸ்’ என்னும் அமைப்பில் கூலரைத் தனிக் கூண்டுக்கு நகர்த்தி, ஃபேனையும் அகலமாக்கினார்கள். வாங்கினால் கூலர், ஃபேன், ஃபேன் உறை, தகரங்கள் அனைத்தையும் ஒரே செட்டாக வாங்குங்கள். கூலரை மட்டும் விற்க வருபவரிடம் ஏமாற வேண்டாம்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) 0.15 மி.மீ. வைக்க வேண்டும். 2.5 லிட்டர் ஆயிலே குளிர்விக்கும் வேலையிலும் பங்கு வகிப்பதாலும், காகித ஃபில்டர் இல்லாமல் ஒரு கம்பிவலை மட்டுமே இருப்பதாலும், நம் நெரிசலில் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதே நல்லது. ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். சார்ஜ் தரும் டைனமோவையும் ஃபேனையும் சுழற்றுவது ஒரே பெல்ட்தான்; அது அறுந்திருந்தால் குளிர்விப்பும் நின்றிருக்கும். பழைய பெட்ரோல் ஹோஸ்களை, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸ்களாக மாற்றிவிடுங்கள். கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்துண்டு; ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலேயே இருக்கிறது.

மேலும், இன்ஜினில் செய்யும் மாற்றம் ஆர்.சி. புத்தக விவரங்களோடு முரண்பட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவுக்கும் இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். (அந்தப் பதிவு பெற்றால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால், ஊர் சுற்ற வேன் வாங்கிய உங்களுக்கு அது ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.)

வேலையைத் தொடங்கும் முன் உதிரிபாகங்களின் பெயரும் அளவும் குறித்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள். வேலை கெட்டுப்போனால், சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த பில்தான்.